வருகையின் நோக்கம்

ஞாயிறு, ஆறே முக்கால்.
சுங்கை பெலுந்து டவுனில் இரண்டு நாய்களும்
ரொட்டி சானாய்க் கடை அடுப்பும்தான் விழித்திருக்கின்றன.
ஆ ஹோக் கடையில் நூற்றெண்பது வெள்ளிக்கு வாங்கிய
நீல சைக்கிள் எனக்கு.
கஸ்தூரிமணிக்கு, மகன் விட்டுப்போன கியர் வண்டி.
ஆறாவது கியர் அவளுக்குப் பிடிக்காது.
அதற்கும் அவளைப் பிடிக்காது.

பதினொரு வருடமாய் இதே தடத்தில்
பள்ளி பஸ் ஓட்டுகிறேன்.
எந்த வளைவில் எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும்
என்பது வரைக்கும் தெரியும்.
மூன்றாங்கட்டை தாண்டினால்
ரோடு மேடு என்பதை
இன்றைக்குத்தான் தொடை சொல்கிறது.

இறங்கித் தள்ளுகிறோம்.
தள்ளும்போது அது வேறு ரோடு.
செம்பனை ஓலை இரவு மழையை
மிச்சம் வைத்துச் சொட்டுகிறது, கழுத்துக்குள்.
குலை லாரி ஒன்று உறுமிக்கொண்டு வர
கால்வாய்ப் பக்கம் ஒதுங்குகிறோம்.
உதிர்ந்த பழங்கள் தாரில் நசுங்கி எண்ணெய் மினுங்குகிறது.
"வழுக்கும், பார்த்து வா" என்றாள் கஸ்தூரி,
என்றபடியே வழுக்கினாள்.
முட்டியில் சிவப்பு. எண்ணெயா ரத்தமா என்று
நக்கிப் பார்க்காத குறை.

இரும்புப் பாலத்தில் ஆண்டு வார்த்திருக்கிறது: 1926.
பஸ்ஸில் இது ஒரு தடதடப்பு,
பின்சீட்டுப் பயல்களின் ஒரு கூச்சல்.
இப்போது விரலால் தடவினால்
ஒன்பதின் வயிற்றில் பாசி.
கீழே ஆறு மைலோ நிறத்தில் போகிறது.
அக்கரையில் புகைக்கூடம், கூரை இல்லை.
ஜன்னல் வழியே ஓர் ஆலங்கன்று
வெளியே எட்டிப் பார்க்கிறது, யார் வந்தது என்று.

பள்ளத்தாக்குக்குள் நான்கு டிவிஷன்.
முதலில் நிலம் பிடித்த பிரெஞ்சுக்காரன்
தன் ஊர்ப் பள்ளத்தாக்கின் பெயரையே கடைசி டிவிஷனுக்கு
வைத்தானாம்: வால்கிளேர்.
ஆபீஸ் பலகையில் இன்னும் அப்படித்தான்.
காடு வெட்டியவர்கள் வாயில் அது வாழைக்கிளை ஆயிற்று.
வாழைக்கு ஏது கிளை?
நூறு வருடமாய் யாரும் கேட்கவில்லை.
சம்பளப் புத்தகத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும்
அந்தக் கிளை காய்த்துக்கொண்டே இருந்தது.

"அவன் ஊரிலும் இந்நேரம்
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு
ரெண்டு பொம்பளைங்க கல்லில் வருஷம் தேடுவாங்களோ?" என்றேன்.
"அங்கே இப்ப நடுராத்திரி" என்றாள் கஸ்தூரி.
"தூங்குறவங்கள எழுப்பாதே."

வாழைக்கிளைக் கேட்டில் நேப்பாளி காவலர்.
புத்தகத்தைத் திருப்பி வைக்கிறார்.
பெயர். ஐ.சி. எண். வண்டி எண்.
(மட்கார்டில் தேடுவதுபோல் குனிந்து பார்த்தோம்.)
வருகையின் நோக்கம்.

எங்களுக்கு உள்ளே உறவு கிடையாது.
சாவு இல்லை, சடங்கு இல்லை,
தீமிதிக்கு இன்னும் இரண்டு மாதம்.
மேலே உள்ள வரிகளைப் பார்த்தேன்:
உரம். உரம். டாக்டர். எலி மருந்து. உரம்.

"ஜாலான்-ஜாலான்" என்றாள் கஸ்தூரி.
காவலர் முதல்முறையாகச் சிரித்தார்.
மலாயில் ஜாலான் என்றால் ரோடு.
அதையே இரண்டு தரம் சொன்னால் சும்மா உலாத்தல்.
ஒரு ரோடு வேலைக்கு,
இன்னொன்று எதற்கும் இல்லாமல்.
உரத்துக்குக் கீழே
எழுத்தெழுத்தாய் எழுதிக்கொண்டார்.

உள்ளே பெரிதாய் ஒன்றும் இல்லை.
காலி லயத்தில் ஒரு வீட்டில் மட்டும் டிவி சத்தம்.
கொடியில் வங்காளதேசத்து லுங்கிகள்.
பம்படியில் முட்டியைக் கழுவினாள் கஸ்தூரி.
யாரோ ஒருவர் கேட்காமலே பிளாஸ்டர் கொண்டுவந்தார்,
மஞ்சள் நிறம், டைனோசர் படம் போட்டது.

திரும்பும் வழி முழுக்க இறக்கம்.
பதினொரு வருடமாய் என் வலது கால்
பிரேக்குக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது,
முதுகுக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
இன்று கேரியரில் ஒரு தண்ணீர் போத்தல்.
இரண்டு கையையும் பிரேக்கிலிருந்து எடுத்தேன்.
வாயில் காற்று, ஒரு பூச்சி,
அப்புறம் எனக்கே தெரியாத ஒரு சத்தம்.
பின்னால் கஸ்தூரி ஆறாவது கியரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

திங்கள், பஸ், மூன்றாங்கட்டை.
இரண்டாவது கியருக்கு மாற்றும்போது
தொடை முனகிற்று.
இரும்புப் பாலத்துக்கு முந்திய வளைவில்
நான்காம் வரிசை தினகரன்
சொல்லிவைத்தாற்போல் வாந்தி எடுத்தான்.
ஓரங்கட்டி நிறுத்தினேன்.
"மேடு, டீச்சர்" என்றான், வாயைத் துடைத்துக்கொண்டே.
நான் டீச்சர் இல்லை.
"ஆமாம்டா" என்றேன்.
"மேடுதான்."